தரங்கம்பாடியில் ஒரு விடுமுறை

விடுமுறை வந்துவிட்டால் கடற்கரை ஊர்களை நாடிச் செல்வோர் தொகை பெருகிவிடுகின்றது. ஆங்குச் சென்று அவர்கள் செய்வன யாவை? அலையில் கால் நனைக்கின்றனர்; சிப்பி பொறுக்குகின்றனர்; சுண்டல் வாங்கி உண்கின்றனர்; பொழுது சாயுமுன் வண்டியேறிவிடுகின்றனர். இவற்றுள் எதனையும் நான் குறை கூறவில்லை; சுண்டலைக் குறை கூறும் துணிவு எனக்குச் சிறிதும் இல்லை. ஆயினும், பழைய துறைமுகப் பட்டினம் ஒன்றுக்குச் செல்வோர் அங்கே வேறு என்ன செய்யலாம் என்பதைத் தரங்கம்பாடியை வைத்துச் சொல்ல விரும்புகின்றேன். அதற்கு முன், அவ்வூரில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

1991-ஆம் ஆண்டில், நான் ஆசிரியனாக இருந்த பள்ளியின் மாணவர் நாற்பதின்மரைத் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். நான் சிறுவனாய் இருந்தபோது மாயவரத்திலிருந்து அவ்வூருக்குப் புகைவண்டி ஓடியது. 1926-இல் போடப்பட்ட அந்த இருப்புப்பாதை 1986-இல் மூடப்பட்டுவிட்டமையால் நாங்கள் பேருந்தில் சென்றோம். கோட்டை வாயிலில் மாணவர்களை வரிசையாக நிறுத்தி, குறிப்பேடுகளைத் திறக்கச் சொல்லி, ஆண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓதினேன். டேனியர் வந்தது 1620. அச்சுக்கூடம் அமைந்தது 1712. ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது 1845. அப்போது கடைசி வரிசையில் நின்ற ஒரு மாணவன், "ஐயா, துறைமுகம் எங்கே?" என்று வினவினான். கிழக்கே திரும்பிப் பார்த்தேன். மணலும் அலையும் வானமுமே தெரிந்தன. தளமும் இல்லை, கப்பல் ஒதுங்கி நிற்க ஒரு வளைவும் இல்லை. "சொன்னதை எழுது" என்றேன். அவன் எழுதினான்.

அவ்வினா என்னை நெடுநாள் விடவில்லை. பின்னர் வந்த விடுமுறைகளில் தனியனாகவே அவ்வூருக்குப் பன்முறை சென்று வந்தேன்.

துறைமுகம் என்ற சொல்லைக் கேட்டதும் இக்காலத்துச் சென்னையையும் தூத்துக்குடியையும் மனத்தில் கொண்டுவிடுகிறோம். சோழமண்டலக் கரையில் பழைய துறைகள் பல அத்தகையன அல்ல. கரையை நெருங்கினால் தரை தட்டும் என்று கப்பல்கள் தொலைவிலேயே திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. சரக்கும் ஆளும் கரை சேர்ந்தது படகுகளில். ஆணி அறைந்த படகு உடைகின்ற அலையில் தரையை மோதினால் பிளந்துபோகும். ஆதலின் பலகைகளைக் கயிற்றால் தைத்துப் படகு கட்டினர்; தைத்த பலகை மோதும்போது சற்று நெகிழ்ந்து கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைப் பருவம் தொடங்கிவிட்டால் பெருங்கப்பல்கள் இக்கரையை விட்டே விலகிவிடும். தரங்கம்பாடியில் துறைமுகமாய் இருந்தவை அந்தப் படகுகளும், அலையின் போக்கறிந்து அவற்றைச் செலுத்தியோரின் தோள்களுமே. கோட்டை கட்டியோரின் பெயர் நூல்களில் இருக்கின்றது. படகு செலுத்தியோரின் பெயர்களைக் காணோம்.

ஆகவே தரங்கம்பாடிக்குச் செல்வோர் முதலில் கோட்டைக்குள் நுழைந்துவிட வேண்டா. விடியுமுன் கடற்கரைக்குச் சென்று, மீனவர்கள் படகு தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு நாழிகை அமர்ந்திருங்கள். இன்றைய படகுகள் இழைக்கண்ணாடியால் ஆனவை, இயந்திரமும் பூட்டியவை. அலை மட்டும் பழைய அலையே.

அருகிலேயே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கின்றது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டளவில் எழுந்த கோயில் இது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. தரங்கம் என்றால் அலை, ஆதலின் இது அலை பாடும் ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்வர். நானும் வகுப்பில் அவ்வாறே சொல்லி மகிழ்ந்தவன்தான். கல்வெட்டோ இவ்வூரைச் சடங்கன்பாடி என்கின்றது. பாடுகின்ற அலை இப்படி ஒரு கோயிலையும் தின்னும் என்பதை நேரில் கண்ட பிறகு அந்த இனிய பொருளை நான் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை.

வெயில் ஏறியபின் கோட்டைக்குச் செல்லலாம். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620-இல் டேனியருக்கு இங்கே வாணிகம் செய்ய இடமளித்தார். டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் பொன்னேட்டில் விடுத்த மடல் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் காக்கப்படுகின்றது. ஓவே கெட்டே என்னும் கடற்படைத் தலைவர் எழுப்பிய டேனிஸ்பர்க் கோட்டையின் கீழ்த்தளத்தில் பண்டகசாலைகளும் சிறையும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநர் முதலியோர் வாழ்ந்தனர். இப்போது அங்கே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது. பண்டகசாலையின் குளிர்ந்த இருளில் சிறிது நேரம் நின்று பாருங்கள். மிளகுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு எவ்வளவு தொலைவிலிருந்து வந்தனர் என்பது அங்கேதான் மனத்தில் படுகின்றது.

கோட்டையிலிருந்து ஊர் வாயிலை நோக்கிச் செல்வது அரசர் தெரு. மெல்ல நடக்க வேண்டிய தெரு அது. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்க் என்னும் செருமானியர் தம் தோழர் புளுட்சோவுடன் இக்கரையில் இறங்கினார். இறங்கிய இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. அவர் சமயப் பணிக்காக வந்தவர். என் உள்ளத்தைக் கவர்ந்தது அவர் தமிழ் கற்ற முறை. முதியவரான தமிழாசிரியர் ஒருவரை, அவருடைய மாணவர்களுடன் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, அந்தச் சிறுவர்களின் நடுவே தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார். அப்போது அவருக்கு அகவை இருபத்து நான்கு. இரண்டே ஆண்டுகளில் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஓர் அட்டவணையே எழுதிவிட்டார். அதே 1708-இல் டேனியத் தளபதியோடு பிணக்குற்று, அவருடைய ஆணையால் நான்கு திங்கள் சிறையில் கிடந்தார். பின்னர் இங்கிலாந்திலிருந்து அச்சுப் பொறியும், செருமானியத்து ஆலே நகரிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்தன. அவ்வெழுத்துக்கள் அளவிற் பெரியனவாய் இருந்தமையால் காகிதம் மிகுதியாய்ச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டனர். காகிதத்துக்காகப் பொறையாற்றின் அருகே பட்டறை ஒன்றும் வைத்தனர். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் அதன் நினைவாக இன்றும் வழங்குகின்றது. சீகன்பால்க் 1719-இல், முப்பத்தாறாம் அகவையில் காலமானார். ஓராண்டுக்கு முன்பு எழுந்த புதிய எருசலேம் ஆலயம் அதே தெருவில் இருக்கின்றது. அவர் உடல் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது.

அதற்குப் பிந்திய கதை சுருக்கமானது. 1845-இல் டேனியர் ஊரை விற்றுச் சென்றனர். 1861-இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் இடையே இருப்புப்பாதை வந்தது. வாணிகம் அந்தப் பக்கம் சென்றது. தரங்கம்பாடி உறங்கலாயிற்று. அந்த உறக்கத்தினால்தான் பழைய வீடுகள் பல இடிபடாமல் எஞ்சின என்று நான் கருதுகின்றேன்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. நான் விடியலில் அமர்ந்து பார்த்த குப்பத்தில் பல உயிர்கள் மாண்டன. சில திங்கள் கழித்துச் சென்றேன். எனக்குப் படகின் பகுதிகளை ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லிக் காட்டிய பெரியவர் ஒருவரைத் தேடினேன், காணவில்லை. யாரிடமும் கேட்கத் துணிவு வரவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டில் மீண்டும் மாணவர்களை அழைத்துச் சென்றேன். இம்முறை முதல்நாள் இரவே சென்று தங்கி, விடியுமுன் மணலில் அமரச் செய்தேன். குறிப்பேடுகளைப் பையிலேயே வைக்கச் சொன்னேன். துறைமுகம் எங்கே என்று நானே கேட்டேன். ஆளுக்கொரு திசையைக் காட்டினர். பின்பு ஒருவரும் பேசவில்லை. படகுகள் ஒவ்வொன்றாய் அலையைக் கடந்து சென்றன. நெடுநேரம் கழித்து ஒரு சிறுமி என் அருகில் வந்து, "ஐயா, அவர்கள் உடனே தள்ளுவதில்லை. பெரிய அலைகள் உடையும்வரை பொறுத்திருந்து, கடல் சற்று அடங்கும் நேரத்தில் தள்ளுகிறார்கள். நான் ஏழு படகு பார்த்துவிட்டேன்" என்றாள். நான் படித்த எந்த நூலிலும் அது இல்லை. குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொள்ளும்படி அவளிடம் சொன்னேன். என் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நானும் எழுதிக்கொண்டேன்.