சோழவரத்தில் வண்டி ஓட்டியவர்கள்

ராசிபுரத்தில் ஜாவா வண்டி வைத்திருந்தவர்களை அந்தக் காலத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். 1961 முதல் மைசூரில் செய்த வண்டி. கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான். தெரியாதவர் ஏறினால் ஸ்டார்ட் செய்யவே வராது. கடைவீதியில் அது வரும் சத்தத்தை வைத்தே யார் வண்டி என்று சொல்லிவிடுவோம்.

செக்கோஸ்லோவாகியாவில் இந்த ஜாவாவுக்கு ஓர் அண்ணன் இருந்தது நமக்குத் தெரியாது. ஸ்பீட்வே என்ற பந்தயத்துக்கென்றே செய்த வண்டி அது. 500 சிசி எஞ்சின், ஒரே கியர், பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். பிரேக் கிடையவே கிடையாது. நீள்வட்ட மண் தடத்தில் நான்கு பேர் நான்கு சுற்று ஓட வேண்டும். வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்க விட்டு, இரும்பு லாடம் போட்ட இடதுகாலை மண்ணில் ஊன்றித் திரும்புவார்கள்.

முதலில் வந்தவனுக்கு 3 புள்ளி, அடுத்தவனுக்கு 2, மூன்றாமவனுக்கு 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். எடுத்த புள்ளிக்கு ஏற்பக் கூலி. நம்ம ஊர்த் தறிக்காரருக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும்.

நியூசிலாந்துக்காரர் ஐவன் மாகர் இதையே பிழைப்பாகக் கொண்டவர். 1957-ல், 17 வயதில், இங்கிலாந்து போனார். சரிப்பட்டு வரவில்லை, ஊர் திரும்பினார். 1963-ல் மறுபடி போய் நியூகாசில் அணியில் சேர்ந்தார். 1968, 69, 70 என்று வரிசையாக மூன்று முறை, பிறகு 1972, 1977, 1979 என மொத்தம் ஆறு முறை உலகப் பட்டம். கடைசிப் பட்டத்தின்போது வயது 40-ஐ நெருங்கிவிட்டது. அந்த வயதில் நம்மில் பலர் டிவிஎஸ் 50-க்கு மாறியிருந்தோம்!

நம் பக்கம் பந்தயம் இல்லாமல் இல்லை. சென்னையில் செங்குன்றம் தாண்டி, கல்கத்தா சாலையில் சோழவரம். இரண்டாம் உலகப்போரின்போது விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. சிலோனிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கார் ஓட்டியவர்களில் பலர் மில் முதலாளிகள், ராஜ குடும்பத்தார். பைக் ஓட்டியவர்கள் வேறு ஜாதி. நான் சொல்வது பணத்தை.

எழுபதுகளில் மெட்ராஸில் வேலையாக இருந்தபோது ஒருமுறை போனேன். நிழல் என்று ஒன்று இல்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆட்டெண்ணெய் வாடையில் நின்றேன். கிழிந்த தோல் ஜாக்கெட்டோடு ஒருவர் புல்லட்டில் இரண்டாவதாக வந்தார். கைதட்டித் தீர்த்தோம். அந்த வாரமே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு பட்டறையில் அவரைப் பார்த்தேன், கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருந்தார். "பரிசு எவ்வளவுங்க?" என்று கேட்டதற்கு, "கப்பு குடுத்தாங்க சார். பிஸ்டன் போச்சு" என்றார். அந்தப் பிஸ்டனுக்கு எத்தனை நாள் கூலி போயிற்றோ!

அவர் மாகருக்குக் குறைந்தவர் என்று நான் நினைக்கவில்லை. புள்ளிக்குக் கூலி கொடுக்க இங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கம்பெனிகள் இறங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. 1982-ல் டிவிஎஸ் தனக்கென்று பந்தய அணி வைத்தது. 1983-ல் ராஜ்தூத் 350, 1985-ல் ஆர்எக்ஸ் 100 என்று வேகமான வண்டிகளும் வந்தன. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் போட்டார்கள். கம்பெனி வண்டி, கம்பெனி மெக்கானிக், கையில் சம்பளம். 2011-ல் சென்னைப் பையன் சரத்குமார் (நடிகர் இல்லை) உலக சாம்பியன்ஷிப்பில் 125 சிசி பிரிவில் ஓட்டும் அளவுக்குப் பாதை திறந்தது. பட்டறைக்காரர் அதைப் பார்த்தாரோ என்னவோ.

பிழைப்பாக ஆனதும் தொடங்கும் வயது இறங்கிவிட்டது. இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கே தனிப் பந்தயம் உண்டு. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் பெங்களூர்ச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து இறந்துபோனான். வயது 13. சாலையில் கியர் வண்டி ஓட்ட லைசென்ஸ் வாங்க அவனுக்கு இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. அந்த வாரம் மீதியிருந்த பந்தயங்களை ரத்து செய்தார்கள்.