ஹீரோன் கண்ட குறுக்குவழி

அலெக்சாந்திரியா மாநகரில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹீரோனை, நீராவியால் சுழலும் உருண்டையை விவரித்த யந்திர நிபுணராகவே உலகம் பெரிதும் நினைவில் வைத்திருக்கிறது; எனினும் அவருடைய பேறுகளுள் தலையாயது, கண்ணாடிகளைப் பற்றிய நூலில் அவர் எழுதிவைத்த ஒரு சிறு நிரூபணமே என்று நான் கருதுகிறேன்.

கண்ணாடியில் பட்ட கிரணம் விழுந்த கோணத்துக்குச் சமமான கோணத்திலேயே மீளும் என்பது யூக்ளிட் பெயரால் வழங்கும் நூலிலேயே உண்டு. கண்ணிலிருந்து கண்ணாடியைத் தொட்டுப் பொருளைச் சேரும் வழிகள் எண்ணற்றவையாயினும், அவற்றுள் சமகோணம் அமைந்த வழியே மிகக் குறுகியது என்று அதற்குக் காரணம் காட்டியவர் ஹீரோன். பொருளின் பிரதிபிம்பத்தைக் கண்ணாடிக்குப் பின்னே அதே தூரத்தில் குறித்துவிட்டால், முறிந்த பாதை ஒவ்வொன்றும் நீளம் மாறாமல் அப்பிம்பத்தை நோக்கிய பாதையாகிவிடுகிறது. அவற்றுள் நேர்கோடாய் அமைவது ஒன்றே. மூலநூல் முழுமையாகக் கிடைக்கவில்லை; 1269-இல் மூர்பெக்கெ வில்லியம் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பில் அது தாலமியின் பெயரைத் தாங்கி நெடுங்காலம் உலவிற்று.

1637-இல் தெக்கார்த்தின் க்ஷேத்திர கணிதம் வெளிவந்து, புள்ளிகளை எண்களால் குறிக்கும் முறை வேரூன்றிய பிறகும் இந்த உபாயம் பழையதாகிவிடவில்லை. (0, 3) என்ற புள்ளியிலிருந்து கிடையச்சைத் தொட்டு (12, 6) என்ற புள்ளியை அடையவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொடுபுள்ளியை அறியாத எண்ணாக்கி, இரண்டு வர்க்கமூலங்களின் கூட்டுத்தொகையை வகையிட்டு விடை காண்போர் உண்டு. இரண்டாம் புள்ளியை அச்சுக்குக் கீழே (12, –6) ஆக்கி ஒரு கோடு இழுப்பவரோ, அது (4, 0) என்ற இடத்தில் அச்சை வெட்டுவதையும், பாதையின் நீளம் ஐந்தும் பத்தும் சேர்ந்து 15 ஆவதையும் உடனே காண்கிறார். (6, 0) வழியாகச் சென்றால் தூரம் 15-ஐச் சற்றே தாண்டிவிடும்.

கூர்ங்கோண முக்கோணத்துக்குள், அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் உச்சி அமையுமாறு, மிகக் குறைந்த சுற்றளவுடைய முக்கோணத்தை வரையும் பிரச்னையை 1775-இல் பஞானோ நுண்கணிதத்தால் தீர்த்தார். பின்னர் ஷ்வார்ஸ் அதையே பிம்பங்களால் நிறுவினார்; மாணவராயிருந்த பெயேர், அதனினும் எளிதாக, ஒரே புள்ளியை இரு பக்கங்களிலும் பிரதிபலித்து முடித்துக் காட்டினார்.

ஆகவே, வகையிடுதலைக் கற்பிக்கத் தொடங்குமுன், ஹீரோனின் பிரதிபிம்பப் படத்தை மாணாக்கர் தம் கையாலேயே ஒருமுறை வரையும்படி செய்யுமாறு கணித ஆசிரியர்களை வேண்டுகிறேன்.