ஏரியில் ஒரு முறைநாள்

பழவேற்காடு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டைதான். நாம் அதைவிடப் பெரிதாக மதிப்பது, கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் மீனவர்கள் வகுத்துக்கொண்ட 'பாடு' முறையை. (உழைப்பையும் துன்பத்தையும் ஒருங்கே சுட்டும் சொல்!)

முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில் இறால் மிகுதி. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்ட இயலாது. ஆகவே இடங்களைப் பிரித்து, முறைநாள் வைத்து, மாறி மாறி இறங்கினர். நல்ல இடம் எவருக்கும் நிலையன்று. வறண்ட இடமும் அப்படியே. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்காரர் சீட்டுக் குலுக்கி இடம் பெறும் வழக்கம் உண்டு.

இத்தனை நுட்பமான நீதிக்கும் ஒரு வேலி இருந்தது. பாட்டில் பங்கு பட்டினவர் சமூகத்தின் தலைக்கட்டுகளுக்கே உரியது. அதே ஏரியை நம்பிய பிற சமூகத்தார் நாள்கணக்குக்கு வெளியே நின்றனர்; அதனால் பூசல்களும் எழுந்தன. முறைநாள் எவ்வளவு நேர்மையாகச் சுழன்றாலும், பிரிவுக்குள் யார் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டால் அந்த நேர்மை பாதிதான் என்று நமக்குத் தோன்றுகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களிலோ, உள்ளே இருப்பவர்களுக்கும் பங்கிட அதிகம் மிஞ்சுவதில்லை.