மார்கழிக் கோலமும் ஜெனீவாவின் கவலையும்

2019 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் மார்கழிக் காலையில் சிலர் வாசல்களில் கோலமிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். புள்ளியும் கோடும் வழக்கமானவையே. குடியுரிமைத் திருத்தச் சட்டமும் தேசியக் குடிமக்கள் பதிவேடும் வேண்டாம் என்று கோலத்தின் நடுவே எழுதியிருந்தது மட்டுமே புதிது. அனுமதி பெறவில்லை என்று கூறிக் காவல்துறை அவர்களை அழைத்துச் சென்றது. அவர்களுக்காக வந்த வழக்கறிஞர்களையும் பிடித்து வைத்தது. அன்றே விடுவித்தாலும் வழக்குப் பதிவானது. சில நாட்களில், அவர்களுள் ஒருவரின் முகநூல் பக்கத்தில் பாகிஸ்தான் அமைப்பொன்றின் பெயர் இருப்பதாகவும் அது குறித்து விசாரணை நடப்பதாகவும் காவல்துறை அறிவித்தது. மாவுக்கோட்டில் தொடங்கிய கதை எல்லை தாண்டிச் சென்றுவிட்டது!

நம் இல்லங்களில் கோலமிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. முஸ்லிம்களை விலக்கி வைத்த ஒரு சட்டத்துக்கு எதிராக, நமக்குப் பழக்கமில்லாத கோலத்தைக் கொண்டே நம் அண்டை வீட்டார் வாதாடினர். அச்சட்டம் ஈழத்தமிழ் அகதிகளையும் விலக்கியிருந்தது என்பதையும் இங்கே மறக்கலாகாது.

இதற்குப் பதினாறு நாட்களுக்கு முன்பே, டிசம்பர் 13 அன்று, ஜெனீவாவிலிருந்து ஐ.நா. மனித உரிமை அலுவலகம் தன் கவலையை வெளியிட்டிருந்தது. இச்சட்டம் அடிப்படையிலேயே பாகுபாடு காட்டுவது என்றும், அமைதியாகக் கூடும் உரிமையை அரசு மதிக்க வேண்டும் என்றும் அது கூறிற்று. 2020 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் மிச்செல் பாச்லெட் நம் உச்ச நீதிமன்ற வழக்கில் தலையிட அனுமதி கோரினார். இது உள்நாட்டு விவகாரம், இந்திய இறையாண்மை சார்ந்த ஒன்றில் வெளியார் எவருக்கும் இடமில்லை என்பதே டில்லியின் மறுமொழி.

இந்த மறுமொழி நமக்குப் புதிதன்று. முற்காலத்தில் இதை நாம் எதிர்ப்புறத்தில் நின்று கேட்டிருக்கிறோம்.

1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். முஸ்லிம் ஒருவர் தம் மனைவியை அந்நாட்டுக்கு அழைத்துவர முயன்ற வழக்கு அது. கிறித்தவ முறைப்படி நடவாத, அரசிடம் பதியப்படாத திருமணங்கள் அங்கே செல்லா என்றார் நீதிபதி. ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வழக்கில் வந்த தீர்ப்பை எதிர்த்துச் சிறை சென்றவர்களுள் தமிழ்ப் பெண்கள் பலர். அவர்களுள் ஒருவரான தில்லையாடி வள்ளியம்மை நோயுற்று விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர்நீத்தார். நேட்டாலில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் சவுக்கடியும் துப்பாக்கிச் சூடும் கண்டனர்.

அச்செய்திகள் வந்துகொண்டிருந்த 1913 நவம்பரில், வைஸ்ராய் ஹார்டிங் பிரபு நம் சென்னையில் பேசினார். சத்தியாக்கிரகிகள் பால் தமக்குள்ள பரிவை அவர் வெளிப்படையாகவே கூறினார். நடுநிலையான விசாரணை வேண்டும் என்றார். அந்நிய ஆட்சியாளர் ஒருவர் மற்றொரு நாட்டின் ‘உள்நாட்டு விவகாரத்தில்’ தலையிட்ட பேச்சு அது. தென்னாப்பிரிக்க அரசு சினந்தது. எனினும் விசாரணைக் குழு அமைந்தது. 1914இல் நிறைவேறிய சட்டம் அத்திருமணங்களுக்கு ஏற்பளித்தது. ஹார்டிங்கின் ஆட்சியை நாம் புகழ வரவில்லை. அவருடைய ஆட்சியிலும் இந்தியர் அடிமைகளே. ஆனால் அன்று அவர் தலையிட்டது தவறு என்று இந்தியர் எவரும் கூறியதாக நாம் படித்ததில்லை.

1946இல் இந்தியாவே இவ்வழக்கை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டு சென்றது. விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான குழு, தென்னாப்பிரிக்க இந்தியர் நடத்தப்படும் விதம் உலகின் கவலைக்குரியது என்று வாதிட்டது. அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார் அந்நாட்டுப் பிரதமர் ஸ்மட்ஸ். டிசம்பர் 8 அன்று சபை இந்தியாவின் பக்கமே தீர்மானம் நிறைவேற்றிற்று. பின்னர், 1979இல், அமைதியாகக் கூடும் உரிமையை உறுதி செய்யும் பன்னாட்டு உடன்படிக்கையிலும் இந்தியா தானாகவே இணைந்தது.

பெசன்ட் நகர்க் கைதுகளுக்கு மறுநாள், தி.மு.க. தலைவர்களின் இல்ல வாசல்களிலும் அதே வாசகத்துடன் கோலங்கள் தோன்றின. மார்கழி முடியும்வரை, எந்தக் கோலம் வழிபாடு, எந்தக் கோலம் குற்றம் என்று காவலர்கள் படித்துப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. 2021இல் புதிய மாநில அரசு, இச்சட்டத்தை எதிர்த்து அமைதியாகப் போராடியோர் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

சட்டம் மட்டும் நிலைத்தது. 2024 மார்ச் 11 அன்று அதற்கான விதிகள் வெளியாயின. ஜெனீவா மீண்டும் தன் கவலையைத் தெரிவித்தது. உள்நாட்டு விவகாரம் என்று டில்லியும் மீண்டும் கூறிற்று.