சாய எந்திரம் பெய்ஜிங் போன கதை

1978-ல் லண்டன் டெக்னிகலர் லேபில் பிரின்டுக்குச் சாயம் ஏற்றும் பிரிவை இழுத்து மூடினார்கள். அங்கே ஓடிக்கொண்டிருந்த எந்திரங்களைப் பெய்ஜிங் பிலிம் லேப் வாங்கிச் சீனாவுக்குக் கொண்டுபோனது. அதே 1978-ல், கலாசாரப் புரட்சிக் காலத்தில் மாணவர் சேர்க்கை நின்றுபோயிருந்த பெய்ஜிங் திரைப்பட அகாடமி மறுபடி கதவைத் திறந்தது. ஒளிப்பதிவு வகுப்பில் சேர்ந்தவர்களில் ஒருவர் ஷியான் நகரத்து இளைஞர் கு சாங்வேய். இன்னொருவர், வயது கடந்துவிட்டது என்று தள்ளப்பட்டு, கலாசார அமைச்சருக்குக் கடிதம் எழுதி உள்ளே நுழைந்த ஜாங் யிமோ. எந்திரமும் இவர்களும் ஒரே ஊரில் ஒரே வருஷம் வந்து இறங்கினார்கள். மூவரும் சேர்ந்த வேலையை உலகம் திரும்பிப் பார்க்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த எந்திரம் என்ன செய்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். வழக்கமான கலர் பிரின்டில் சாயம் பிலிமுக்குள்ளேயே ரசாயனக் குளியலில் பிறக்கிறது. டெக்னிகலர் முறை வேறு. நெகட்டிவிலிருந்து மூன்று தனித்தனி பிலிம் எடுப்பார்கள். அவற்றுக்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். ஒவ்வொன்றின் மேலும் ஜெலட்டின் மேடும் பள்ளமுமாகப் படிந்திருக்கும். நிறம் அழுத்தமாக விழ வேண்டிய இடத்தில் தடிமன், லேசாக விழ வேண்டிய இடத்தில் மெலிசு. ஒன்றைப் பச்சைநீலச் சாயத்திலும், ஒன்றை மெஜன்டாவிலும், ஒன்றை மஞ்சளிலும் முக்கியெடுத்து, எதுவும் பதியாத வெற்று பிலிமோடு ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் சாயம் அதற்கு இடம் மாறிவிடும். சிவகாசியில் ஒரே தாள் ஒவ்வொரு மையாக வாங்கிக்கொண்டு கடைசியில் காலண்டர் முருகனாக வெளியே வருவதில்லையா, அது மாதிரி. ஆனால் இங்கே படத்தின் அகலம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு; திரையில் அது வீட்டளவு ஆகிவிடும். மூன்றில் ஓர் அழுத்தல் மயிரிழை விலகினாலும் கதாநாயகியின் உதட்டுக்கு இரண்டாவது விளிம்பு முளைக்கும். அதனால் ஊசிப்பற்கள் வைத்த நீண்ட உலோகப் பட்டையில் இரண்டு பிலிமின் துளைகளையும் மாட்டி, ஒட்டவைத்தே ஓட்டினார்கள்.

சாயத்தைத் தனியே கரைத்து ஊற்றுவதால் வெளுக்காத சாயமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு நிறத்தையும் தனியாக ஏற்றி இறக்கலாம். மேட்ரிக்ஸ் கைக்கு வந்துவிட்டால் பிரதிமேல் பிரதியாக எடுத்துத் தள்ளலாம். ஆனால் அந்த மேட்ரிக்ஸைத் தயார் செய்வதற்குள் தாவு தீர்ந்துவிடும். பத்துப் பிரின்ட் போதும் என்று வருகிறவருக்கு இது கட்டுப்படியாகாது.

1915-ல் தொடங்கிய டெக்னிகலர் கம்பெனி, 1928-ல் 'த வைக்கிங்' படத்தில் இந்தச் சாய முறையை இரண்டே நிறத்தில் ஓட்டிப் பார்த்தது. 1932-ல் மூன்று நிறம் வந்தது. அதற்கென்று ஒரு பூதாகாரமான கேமரா. உள்ளே ஒரு பட்டகம் ஒளியைப் பிரித்து மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் விழவைக்கும். கேமராவைக் கம்பெனி விற்காது, வாடகைக்குத்தான் தரும். கூடவே தன் ஆளையும் அனுப்பும், எந்த நிறப் புடவையைத் திரையில் காட்டலாம் என்று சொல்ல ஓர் ஆலோசகரையும் அனுப்பும். 1939-ன் 'கான் வித் த விண்ட்', 'த விசார்ட் ஆஃப் ஆஸ்' எல்லாம் இந்த ஏற்பாட்டில் வந்தவை. 1950-ல் ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனி ஒரே பிலிமில் மூன்று நிறமும் பதியும் நெகட்டிவைக் கொண்டுவந்ததும் அந்தக் கேமராவுக்கு வேலை போயிற்று. ஐம்பதுகளின் நடுவில் அது மூலைக்குப் போய்விட்டது. சாய எந்திரம் மட்டும் தப்பித்தது. ஈஸ்ட்மன் நெகட்டிவிலிருந்தும் மேட்ரிக்ஸ் எடுக்கலாம் அல்லவா?

இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் சீனப் படங்களைப் பற்றி எழுதிய பெரிய விமர்சகர்களே அவை பழைய மூன்று நெகட்டிவ் கேமராவில் எடுக்கப்பட்டவை என்று எழுதிவைத்தார்கள். அது பிசகு. கேமரா சாதாரணக் கேமராதான், நெகட்டிவும் சாதாரண நெகட்டிவ்தான். விசேஷம் முழுவதும் பிரின்ட் போட்ட இடத்தில்.

லண்டன் லேப் முப்பதுகளின் கடைசியில் திறந்தது. 'பிளாக் நார்சிஸஸ்', 'த ரெட் ஷூஸ்' என்று பிரிட்டிஷ் கலர் சினிமாவின் நல்ல பெயர் எல்லாம் அங்கே சாயம் ஏறியதுதான். நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஜெவாகலர் பிலிமில் எடுக்கப்பட்ட 'வீரபாண்டிய கட்டபொம்மன்' லண்டன் போய்த்தான் டெக்னிகலர் ஆகி 1959-ல் திரும்பி வந்தது. அந்த லேபின் கடைசிக் காலத்து வேலைகளில் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பிரின்டுகளும் அடக்கம். பின்னாளில் அந்தப் படத்தைப் புதுப்பித்தபோது, நிறம் எப்படி இருந்தது என்று ஒத்துப்பார்க்க ஜார்ஜ் லூகாஸ் கையிலிருந்த சாய பிரின்ட்தான் உதவியது. ஈஸ்ட்மன் சரக்கு வெளுத்துப்போயிருந்தது.

ஹாலிவுட் அதற்கு முன்னாலேயே கைகழுவிவிட்டது. 1974-ன் 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தோடு அங்கே சாய எந்திரத்தின் கதை ஏறக்குறைய முடிந்தது. வேகமாக ஓடும் பிரின்டிங் மெஷின்கள் வந்தபிறகு, சாயத்தோடு மல்லுக்கட்ட யாருக்கும் நேரமில்லை. அதன் விலை பிறகு தெரிந்தது. மலிவு பிரின்டுகள் சில வருஷத்திலேயே இளஞ்சிவப்பாகப் பல்லிளித்தன; 1980-ல் மார்ட்டின் ஸ்கார்செசி கையெழுத்து இயக்கம் நடத்தவேண்டி வந்தது. ரோம் நகரத்துச் சாயப் பிரிவும் அந்த வாக்கில் மூடப்பட்டது. அதன்பின் உலகத்தில் மிச்சமிருந்தது பெய்ஜிங்தான். பெரிய நாடு, கணக்கற்ற கொட்டகைகள். நிறையப் பிரதி எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்பது ஹாலிவுட்டில் குறை. சீனாவில் அதுவே வசதி.

இதற்குள் அந்த 1978 வகுப்பு 1982-ல் படித்து முடித்து, அரசு அனுப்பிய ஊர்களுக்குக் கலைந்துபோயிருந்தது. கு சாங்வேய்க்குச் சொந்த ஊர் ஷியான் ஸ்டூடியோவே கிடைத்தது. அங்கே இயக்குநர் சென் கைகேவுக்கு 'கிங் ஆஃப் த சில்ட்ரன்' (1987) செய்தார். அடுத்து, வகுப்புத் தோழர் ஜாங் யிமோ முதல்முறையாக இயக்கிய 'ரெட் சோர்கம்'. ஜாங் யிமோவே 'யெல்லோ எர்த்' படத்தின் ஒளிப்பதிவாளர். அப்படிப்பட்டவர் தன் முதல் படத்துக்கு வேறொருவரிடம் கேமராவைக் கொடுக்கிறார் என்றால், அந்த ஆள்மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கவேண்டும்! படம் 1988-ல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது.

1990-ல் அதே இருவரும் சேர்ந்து 'ஜூ டௌ'. லியு ஹெங் எழுதிய குறுநாவல். 1920-களில் நடக்கும் கதை. கிழட்டு முதலாளி, விலைக்கு வாங்கிய இளம் மனைவி, அவளைக் கள்ளத்தனமாகப் பார்க்கும் உறவுக்காரன். இதை எடுக்க அவர்கள் தேர்ந்தெடுத்த களம் சாயப்பட்டறை. அன்ஹுய் மாகாணத்து நான்பிங் கிராமத்தின் பழைய வீடுகளுக்கு நடுவே மரச்சக்கரங்கள், தொட்டிகள், உயரத்திலிருந்து முற்றத்துக்கு இறங்கும் நீள நீளத் துணிகள். சாய எந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதையை யாரும் தேடிப் பிடித்திருக்க முடியாது.

ஒரு காட்சியை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். மனைவியாக வரும் கோங் லியும் உறவுக்காரனாக வரும் லி பாவ்டியனும் தொட்டி ஓரத்தில் கூடுகிறார்கள். அவள் கால் பட்டு மரக்கட்டை விலக, மேலே சுற்றியிருந்த துணி அவிழ்ந்து சரசரவென்று சிவப்புச் சாயத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கேமரா அவர்களை விட்டுவிட்டுத் துணியைத்தான் பார்க்கிறது. சிவப்பு என்றால் ஒரே சிவப்பு இல்லை அதில். வெயில் படும் மடிப்பில் ஆரஞ்சு கலந்த சிவப்பு, தொட்டியில் ஈரத்தில் கறுத்த சிவப்பு, நடுவில் இரண்டுக்கும் இடையிலான நாலைந்து தரம். மட்டமான பிரின்டில் இவை எல்லாம் ஒன்றாகக் குழம்பி வெறும் சிவப்புத் திட்டாகிவிடும். மூன்று சாயத்தையும் தனித்தனியே அளந்து ஊற்றும் முறையில்தான் அந்தத் தரங்கள் பிரிந்து நிற்கும். கு சாங்வேய் விளக்கு வைத்துப் பிரித்ததை லேப் குலைக்காமல் திருப்பிக் கொடுத்தது. அவரோடு சேர்ந்து அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் யாங் லுன். புகழ்கிறவர்கள் அந்தப் பெயரை விட்டுவிடுகிறார்கள். லேப்காரர்களின் பெயர் அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அமெரிக்க ஆஸ்காரில் வேற்றுமொழிப் படத்துக்கான பட்டியலில் இடம்பிடித்த முதல் சீனப் படம் 'ஜூ டௌ'. சீன அரசு அதைத் திரும்பப் பெறப் பார்த்தது, முடியவில்லை. உள்நாட்டில் படத்துக்குப் போட்ட தடை 1992 வரை நீடித்தது. பெய்ஜிங்கில் சாயம் ஏறிய படத்தைப் பெய்ஜிங்காரர்கள் பார்க்க இரண்டு வருஷம் காத்திருந்தார்கள்.

'ஜூ டௌ'வுக்கு அடுத்த வருஷம் ஜாங் யிமோவின் 'ரெய்ஸ் த ரெட் லேன்டர்ன்'. இதற்கு ஒளிப்பதிவு அதே வகுப்பின் ஜாவ் ஃபெய். ஷான்ஸியின் சாம்பல் நிற மாளிகையில் பனி, கல், ஓடு எல்லாம் நிறமற்று நிற்க, கூண்டு விளக்குகள் மட்டும் எரியும். சாம்பல் சுத்தமான சாம்பலாக நின்றதால்தான் அந்தச் சிவப்பு கண்ணைப் பறித்தது. மூன்று சாயமும் சரியான எடையில் சேராவிட்டால் சாம்பலில் பச்சையோ ஊதாவோ ஏறிவிடும். சிவப்பைவிட சாம்பல்தான் இந்த எந்திரத்துக்குக் கஷ்டமான பரீட்சை. அதில் அது தேறியது என்றே நான் சொல்வேன். ஜாவ் ஃபெய் பிறகு 'த எம்பரர் அண்ட் த அசாசின்' என்ற பிரமாண்டமான சரித்திரப் படத்தைச் செய்தார். வுடி ஆலன் அவரை நியூயார்க்குக்குக் கூப்பிட்டு மூன்று படம் வாங்கிக்கொண்டார்.

1993-ல் பெய்ஜிங் எந்திரம் நின்றது. வேலைத்தரம் இறங்கியது ஒரு காரணம். அதற்குள் கோடாக்கின் பிரின்ட் பிலிமும் முன்போல வெளுக்காத அளவுக்குத் தேறியிருந்தது. அதே வருஷம்தான் கு சாங்வேயின் பெரிய படம் வெளிவந்தது: சென் கைகேயின் 'ஃபேர்வெல் மை கன்குபைன்'. ஐம்பது வருஷச் சீனச் சரித்திரத்தை இரண்டு ஒபரா நடிகர்களின் வாழ்க்கைக்குள் மடித்துவைத்த, மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த காவியம். இருட்டு அரங்கில் ஒரு டார்ச் வெளிச்சத்தில் தொடங்கி, 1924-ன் தெருவுக்குப் போகும்போது நிறம் வடிந்து பழுப்பாகிவிடும். அந்தப் பழுப்பில்தான் ஒரு தாய் மகனின் ஆறாவது விரலை வெட்டுகிறாள். தாயாக நடித்தவர் கு சாங்வேயின் மனைவி ஜியாங் வென்லி. கதை வளர வளர நிறம் ஊறி வந்து, கலாசாரப் புரட்சியில் கொழுந்துவிட்டு எரியும் நெருப்புக்குப் பின்னால் முகங்கள் நெளிகின்றன. கான் விழாவில் 'த பியானோ' படத்தோடு தங்கப் பனையைப் பகிர்ந்துகொண்டது. கு சாங்வேயின் பெயர் ஆஸ்கார் ஒளிப்பதிவுப் பட்டியலுக்குப் போனது. பரிசு 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் போயிற்று.

அப்புறம் அவர் அமெரிக்கா போனார். ராபர்ட் ஆல்ட்மனுக்கு 'த ஜிஞ்சர்பிரெட் மேன்', ஜோன் சென்னுக்கு 'ஆட்டம் இன் நியூயார்க்'. திறமைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் இந்தப் படங்களை யாரும் அவருக்காகத் தேடிப் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம். அமெரிக்கப் படங்களுக்கு முன்பே, இயக்குநர் ஜியாங் வென்னின் 'இன் த ஹீட் ஆஃப் த சன்' வெயிலையே கதாபாத்திரமாக்கியது. அதே ஜியாங் வென்னுக்கு 2000-ல் 'டெவில்ஸ் ஆன் த டோர்ஸ்டெப்'. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலக் கதை, முழுக்கக் கறுப்பு வெள்ளை. கடைசியில் வெட்டுண்டு உருளும் தலையின் பார்வையில் ஒரே ஒருமுறை நிறம் வருகிறது. சிவப்பை வாரியிறைத்துப் பெயர் வாங்கியவர், படம் முழுக்க அதைக் கையில் பிடித்து வைத்திருந்து கடைசி நிமிஷத்தில் விடுகிறார். அவர் செய்ததில் எனக்குப் பெரியதாகப் படுவது இதுதான். 'ஜூ டௌ'கூட அடுத்த இடத்தில்தான்.

அந்த வருஷங்களில் ஹாலிவுட்டில் டெக்னிகலர் சாய எந்திரத்தைப் புதிதாகச் செய்து ஓட்டிக்கொண்டிருந்தது. 1998-ல் மறுவெளியீடான 'கான் வித் த விண்ட்', 2001-ன் 'அப்போகலிப்ஸ் நவ் ரீடக்ஸ்' எல்லாம் அதில் பிரதியானவை. தாம்சன் கம்பெனி டெக்னிகலரை வாங்கியதும் 2002-க்குள் அதுவும் நின்றது. அதன்பின் யாரும் தொடங்கவில்லை. கு சாங்வேய் கேமராவை விட்டு இயக்குநர் நாற்காலிக்கு மாறினார். முதல் படம் 'பீகாக்' 2005-ல் பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கியது.

'ஜூ டௌ'வைப் பார்க்க நினைப்பவர்கள் போனில், மங்கிய பழைய வீடியோப் பிரதியில் பார்த்துவிட்டு இதற்கா இவ்வளவு என்று கேட்காதீர்கள். திரைப்பட விழாவிலோ பிலிம் சொசைட்டியிலோ நல்ல பிரதி வந்தால் போய்ப் பாருங்கள். முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல், ஒளிப்பதிவாளர் பெயரைப் படித்த கையோடு கீழே வரும் லேபின் பெயரையும் படியுங்கள்.