உணவகத்தில் உரிமத் துப்பாக்கி: சட்டத்தில் விடுபட்ட ஓர் இடம்

செங்குன்றத்திலிருந்து கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாக எளாவூர் சோதனைச்சாவடி வரை செல்லும் ஜிஎன்டி சாலையில் உரிமம் பெற்ற துப்பாக்கியைப் பொதுமக்கள் அருகிலிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் ஒன்றுதான். ஏடிஎம்களில் பணம் நிரப்பும் வேன் ஏதாவதொரு ஓட்டல் முன்பு நிற்கிறது. இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிய காவலர் இறங்குகிறார். பண வேன்களுக்காக மத்திய உள்துறை 2018-இல் வெளியிட்ட விதிகள் இந்தக் காட்சியைப் பாதிவரை எண்ணிப்பார்த்திருக்கின்றன. வேனில் ஆயுதம் தாங்கிய காவலர் இருவர் இருக்க வேண்டும், தேநீருக்கோ சாப்பாட்டுக்கோ நிறுத்தினாலும் ஒருவராவது வேனை விட்டு நகரக் கூடாது என்கின்றன. சாப்பிடப் போகும் இன்னொருவரின் துப்பாக்கி எங்கே இருக்க வேண்டும் என்பதில் அந்த ஏற்பாட்டுக்குக் கவலையில்லை. அதன் நோக்கம் பணத்தைக் காப்பது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைக் காப்பது அல்ல. இந்த விடுபடல் தற்செயலானதல்ல என்பதும், இரு நூற்றாண்டுகளாக நம் ஆயுதச் சட்டம் ஆபத்தை எந்த இடத்தில் தேடிவந்தது என்பதன் விளைவே இது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தமிழகத்தில் ஆயுதத்தைப் பறிக்கும் ஆணைகளின் வரலாறு பாளையக்காரர் போர்களோடு இணைந்தது. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதையே நாடு முழுவதற்குமான உரிம முறையாக்கி, ஐரோப்பியருக்கு விலக்கும் அளித்தது. இந்த அவமதிப்பை எதிர்த்த குரல் 1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிலேயே தீர்மானமாக ஒலித்தது. 1931 கராச்சித் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகவே சேர்த்தது. ஆக, துப்பாக்கி உரிமை என்பது அமெரிக்காவிலிருந்து வந்த புதுப்பேச்சு என்று ஒதுக்குவது நம் விடுதலை இயக்கத்துக்குச் செய்யும் அநீதி. காலனி அரசு அஞ்சியது துப்பாக்கியைப் பார்த்து அல்ல. துப்பாக்கியோடு கூடும் இந்தியர்களைப் பார்த்து.

விடுதலைக்குப் பிறகு அந்த அச்சத்தின் பொருள் மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்க்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார்; அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அரசமைப்பில் கடைசியில் இடம்பெற்றது 19(1)(ஆ): அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை. ஆள்வோரைக் காக்க விதிக்கப்பட்ட தடை, கூடியிருப்போர் ஒருவருக்கொருவர் தரும் உறுதிமொழியாக இங்கே உருமாறுகிறது. 1959-இல் புதிய ஆயுதச் சட்டமும் 1962-இல் அதன் விதிகளும் வந்தபோது, தனிப்பட்ட அனுமதியில்லாமல் ஆயுதத்தைத் திருவிழாவுக்கோ, சமய ஊர்வலத்துக்கோ, பிற பொதுக்கூட்டத்துக்கோ கொண்டுசெல்லக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனையாக இடம்பெற்றது. கல்வி நிறுவன வளாகமும் பின்னர் இதில் சேர்ந்தது. தேரும் திருவிழாவும் அன்றைய கூட்டத்தின் முகம். பெரியபாளையத்து ஆடித் திருவிழாவுக்கு வரும் கூட்டம் இந்த நிபந்தனைக்குள் ஐயமில்லாமல் அடங்கும். அதே நாளில் அதே பக்தர்கள் சாப்பிட ஒதுங்கும் ஓட்டல் அடங்குமா என்று கேட்டால், அந்த வாசகத்தில் நேரான விடை இல்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை 1999 ஏப்ரல் 29 இரவு காட்டியது. டெல்லி மெஹ்ரோலியில் டாமரிண்ட் கோர்ட் என்ற உணவகத்தில் நடந்த விருந்தில், மது தீர்ந்துவிட்டது என்று சொன்னதற்காக, அரசியல் பிரமுகர் ஒருவரின் மகன் முதல் குண்டைக் கூரையை நோக்கியும் அடுத்ததை அங்கே மது பரிமாறிய ஜெசிகா லாலின் தலையிலும் சுட்டார். 2006 பிப்ரவரியில் கீழமை நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது, நாடு கொதித்தது, அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்த வழக்கைப் பற்றிய பேச்செல்லாம் பல்டியடித்த சாட்சிகள், பணபலம், நீதித்துறை என்று போனது. அதெல்லாம் நியாயமே. ஆனால் சுட்டவரிடம் துப்பாக்கி உரிமம் இருந்தது என்பதும், அந்தத் துப்பாக்கி நள்ளிரவில் மது ஊற்றும் மேசைக்கு அருகே எப்படி வந்தது என்பதும் விவாதத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தரக்கூடிய தண்டனை ஆறு மாதச் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தெளிவில்லாத நிபந்தனைக்கு இதுவும் எட்டாது.

அதன்பின் வந்த மாற்றங்கள் இடத்தை விட்டு, நடத்தையின் பக்கம் திரும்பின. 2016-ஆம் ஆண்டு விதிகள் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு, முழுவதும் மறைத்து, தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றன. 2019 திருத்தம் கொண்டாட்டச் சூட்டைத் தனிக் குற்றமாக்கி, இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்தது. வட மாநிலத் திருமண வீடுகளில் விழுந்த பிணங்களுக்குப் பிறகு அது அவசியமாகவே இருந்தது. அத்திருத்தமும் பொதுக்கூட்டம், வழிபாட்டிடம், திருமண விருந்து என்றுதான் பட்டியலிட்டது. துப்பாக்கியை மறைக்கச் சொல்வது பார்ப்பவரின் பதற்றத்தைக் குறைக்கும், குடித்தவர் கைக்கும் உறைக்கும் இடையே உள்ள தூரத்தைக் கூட்டாது. இந்த நடத்தை விதிகள் போதும் என்று ஏற்க என்னால் முடியாததற்குக் காரணம் இதுதான்.

எதிர்வாதங்களில் வலுவானது தற்காப்பு. அமெரிக்காவில் இதன் அடையாளம் 1991 அக்டோபர் 16 அன்று டெக்சாஸ் மாநிலம் கில்லீனில், லூபிஸ் உணவகத்தில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவம். அதில் பெற்றோரை இழந்த சுசானா ஹப், அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவந்ததாகத் தொடர்ந்து சாட்சியம் சொன்னார். 1995-இல் டெக்சாஸ் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தைக் கொண்டுவந்ததில் அவர் குரலுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் துயரத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இப்படியொரு காயம் உண்டு. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் கே. சுதர்சனம், பெரியபாளையம் அருகே தானாகுளத்தில் தன் வீட்டிலேயே பவாரியா கொள்ளைக் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளைக் குறிவைத்து, லாரிகளில் வந்துபோன கும்பல் அது. இப்படிப்பட்ட சாலையோரத்தில் வாழ்பவர் துப்பாக்கி உரிமம் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் வீட்டுக்கும், தனித்த தோட்டத்துக்கும், பணம் ஏற்றிய வேனுக்கும் உரியது. தானாகுளத்தில் நடந்தது நள்ளிரவு வீட்டுக்கொள்ளை. ஓட்டல் மேசையில் இருக்கும் துப்பாக்கி அதைத் தடுத்திருக்காது. லூபிஸ் போன்ற தாக்குதலைத் தடுக்க ஒவ்வொரு உணவகத்திலும் ஆயுதம் தாங்கியவர் வேண்டுமென்றால், அதற்கு முதல் தேவை கோடிக்கணக்கான துப்பாக்கிகள் புழங்கும் சமூகம். தமிழ்நாடு அப்படியில்லை, ஆக வேண்டியதும் இல்லை.

உரிமம் பெற்றவர் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அவரை ஏன் சந்தேகிக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கும்மிடிப்பூண்டியில் மாவட்ட ஆட்சியரும், அதே சாலையில் ஆவடி ஆணையரகத்துக்குள் வரும் செங்குன்றத்தில் காவல் ஆணையரும் விசாரித்துத்தான் உரிமம் தருகிறார்கள். அந்த விசாரணை ஒருவரின் முந்தைய வாழ்க்கையை அளக்கும், அன்றிரவு அவர் எத்தனை கோப்பை குடிப்பார் என்பதை அளக்காது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது நமக்குப் பழகிய நடைமுறை. அதை யாரும் தனக்கு நேர்ந்த இழிவாகக் கொள்வதில்லை. ஆளைச் சந்தேகிக்காமலே சூழலைக் கட்டுப்படுத்தலாம் என்பதை நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று மட்டும் உண்மையிலேயே கடினமானது: எது உணவகம்? அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2009-இல், ஆளுநர் பில் பிரெடசனின் தடையாணையையும் மீறி, மது அருந்தாதவரை உரிமதாரர் மதுவுணவகத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாம் என்று சட்டமியற்றியது. உணவே முதன்மைத் தொழிலாக உள்ள இடம் எது என்று சாதாரண உரிமதாரருக்குத் தெரிய வழியில்லை என்று நாஷ்வில் நீதிமன்றம் அவ்வாண்டே அதைச் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் குறைவு, ஏனெனில் இங்கே மது பரிமாறும் இடங்கள் தனித்தனி உரிமங்களால் பிரிக்கப்பட்டவை: டாஸ்மாக் ஒட்டிய பார், எஃப்.எல். 2 மன்றம், எஃப்.எல். 3 ஓட்டல். மற்ற உணவகங்களுக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவோ உரிமமோ உண்டு.

ஆயுதம் மத்தியப் பட்டியலில் இருப்பதால் உரிம நிபந்தனையில் உணவகத்தைச் சேர்க்க டெல்லிதான் விதியைத் திருத்த வேண்டும். மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எஃப்.எல். 2, எஃப்.எல். 3 உரிமங்களிலும் பார் ஒப்பந்தங்களிலும், துப்பாக்கியோடு வருபவரை உள்ளே விடக் கூடாது என்ற நிபந்தனையைச் சென்னையிலிருந்தே எழுதிவிடலாம். வேன் காவலர் பசியோடு வேலை பார்க்க வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. அவர் சாப்பிட இறங்கும்போது துப்பாக்கியைத் தோட்டா நீக்கி, வேனிலேயே பூட்டிய பெட்டியில் வைத்து, வண்டியில் இருக்கும் காவலரின் பொறுப்பில் விட்டுப்போவதை, தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு உரிமம் தரும் மாநில அதிகாரி நிபந்தனையாக்கலாம். அந்தப் பெட்டியின் செலவை ஏற்க வேண்டியது நிறுவனம். காவலரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பதையும் அதே உத்தரவில் எழுத வேண்டும்.