தாய்வழிச் சொத்து

மலேரியா மருந்தின் சரித்திரத்தில் ஒரு சிறைச்சாலை வருகிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறை. 1944 முதல் அங்கே, சம்மதித்த கைதிகளைக் கொசுக்கடிக்கு உள்ளாக்கி, ஜுரம் வரவழைத்து, மருந்துகளைச் சோதித்தார்கள். சிறைக்குள் சம்மதம் என்ன சம்மதமோ! பிரைமாக்வின் என்ற மருந்து பலருக்கு ஒத்துக்கொண்டது. சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் காப்பி டிகாஷன்போல் கறுத்தது. காரணத்தை 1956-ல் கார்ஸன் குழுவினர் கண்டார்கள்: அவர்களுடைய சிவப்பணுக்களில் ஜி6பிடி என்னும் என்ஸைம் குறைவு.

அந்தக் கண்டுபிடிப்பின் பயன் இன்று திண்டிவனம் வரை வந்திருக்கிறது. என் ஒன்றுவிட்ட தமக்கையின் பேரனுக்கு இதே குறை என்று விழுப்புரத்து டாக்டர் ரத்தம் சோதித்துச் சொன்னார். அன்றே அலமாரியிலிருந்த பாச்சை உருண்டைகள் வெளியேறின. குழந்தைக்கு மருதாணி இடுவது நின்றது. இவையும் அத்தகைய அணுக்களை உடைக்கக் கூடியவை. எந்த வைத்தியரிடமும் முதலில் காட்டுவதற்கென்று தாயார் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொண்டாள். ஆனால், "எல்லாம் உன் பிறந்த வீட்டு ரத்தம்!" என்று தமக்கை மருமகளைக் குத்திக்காட்டத் தொடங்கினாள்.

மகனுக்கு இது தாய் மூலமாகவே வருகிறது, உண்மைதான். ஆனால் இந்தக் குறை மிகுந்திருப்பது, மலேரியா தலைமுறை தலைமுறையாக மனிதரைக் கொன்ற நாடுகளில். இத்தகைய ரத்தத்தில் அந்தக் கிருமி எளிதில் செழிப்பதில்லை. ஆகவே அந்த வம்சங்கள் பிழைத்தன. ஜுரத்துக்குத் தப்பிய ரத்தம், ஜுரத்தின் மருந்துக்குத் தப்பவில்லை!

"அக்கா, உன் மருமகள் கொண்டுவந்தது சாபமல்ல, யாரோ ஒரு பாட்டியைக் காப்பாற்றிய கவசம். பாச்சை உருண்டையோடு அந்தச் சொல்லையும் எறிந்துவிடு" என்றேன்.